எப்போ எறக்கி வைப்பான்?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீண்ட குழாய் ஒன்று. அதன்மேல் இரண்டு கால்கள் மட்டுமே உள்ள ஏதோ ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய உருண்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடக்கிறது. கொஞ்சம் தள்ளாட்டம், ஆனால் நிற்பதில்லை. மூளைக்குள் மயோசின் எண்டார்ஃபினை இழுத்துப் போகிறது, சந்தோஷம் என்றால் இதுதான் என்று கீழே யாராவது எழுதியிருப்பார்கள். அதில் மூன்று தவறுகள். நடப்பது மயோசின் அல்ல, கைனசின். தூக்கிப் போவது எண்டார்ஃபின் மூலக்கூறு அல்ல, சவ்வால் ஆன ஒரு பை. அது மைக்ராஸ்கோப் வழியாக எடுத்த படமும் அல்ல, கம்ப்யூட்டரில் செய்த அனிமேஷன். இந்தத் திருத்தங்களைப் பலரும் பலமுறை சொல்லிவிட்டார்கள், அதற்காக இன்னொரு கட்டுரை தேவையில்லை. எனக்கு அந்தப் படத்தோடு இருப்பது வேறு சண்டை. அதைத் தொடங்கி வைத்தவர் என் சின்ன மாமா.

மாமா மூங்கில்துறைப்பட்டில் லோடுமேன். எங்கள் ஊரின் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பை, வெட்டு முடிந்த கொல்லைகளில் லாரிக்கு ஏற்றுகிற வேலை. லாரியின் பக்கவாட்டில் ஒரு பலகை சாத்தியிருக்கும். தலையில் சும்மாடு, அதன்மேல் கரும்புக் கட்டு, பலகையில் நாலைந்து எட்டு, மேலே போய் ஒரு உதறு, கட்டு விழும். இறங்கி வந்து அடுத்தது. தென்பெண்ணையில் தண்ணீர் வந்த வருஷம் அரவை நீளும், மாமா கையில் காசு இருக்கும். சாத்தனூரில் தண்ணீர் இல்லாத வருஷம் அவர் வேறு வேலைக்குப் போவார். இருபத்தெட்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒருநாள் பலகையில் பாதி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கட்டோடு விழாமல், கட்டைத் தள்ளிவிட்டு விழுந்ததால் தப்பித்தார். எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் நடுச்சுவர் தடித்திருக்கிறது. டாக்டர் சொன்னதை மாமா என்னிடம் போனில் அப்படியே ஒப்பித்தார்: "பம்பிங்லாம் நல்லாத்தான் கீதாம். லூஸ் ஆவுறதுலதான் சிக்கலாம். இது இன்னா மாப்ள கூத்து? வேலய நல்லா செய்யுது, ஆனா நோவுன்றாங்க."

அவரை ஆறுதல்படுத்துவதாக நினைத்து நான் அந்த வீடியோவை அனுப்பினேன். "பாரு மாமா, உன் ஒடம்புக்குள்ளயும் ஒரு லோடுமேன் இருக்கான்." ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற மருமகன்கள் இப்படித்தான் ஆறுதல் சொல்வார்கள். இரண்டு நாள் கழித்து பதில் வந்தது, வாய்ஸ் மெசேஜாக. "நல்லாத்தான் போறான் மாப்ள. எப்போ எறக்கி வைப்பான்?"

என்னிடம் பதில் இல்லை. வீடியோவை மறுபடி பார்த்தேன். அது லூப்பில் ஓடுகிற துண்டு. அதில் அவன் இறக்கி வைப்பதே இல்லை.

*

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தேடி முழுப் படத்தையும் பார்த்தேன். 2006இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ என்ற அனிமேஷன் நிறுவனம் செய்தது, பெயர் 'தி இன்னர் லைஃப் ஆஃப் தி செல்'. ஒரு வெள்ளையணு ரத்தக்குழாயின் சுவரில் உருண்டு, ஒட்டி, உருவம் மாறி, சுவரின் இடுக்கு வழியாக வெளியேறுவது வரையிலான கதை. அதற்குள் புகுந்து, செல்லின் உட்சட்டகத்தைக் காட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் சைட்டோஸ்கெலிட்டன். ஆக்டின் இழைகள் துண்டு துண்டாகச் சேர்ந்து வளர்கின்றன, வெட்டுப்படுகின்றன. நுண்குழல்கள் நீள்கின்றன, சட்டென்று முனையிலிருந்து பிரிந்து சிதறுகின்றன. அதற்குப் பிறகுதான் நம்முடைய லோடுமேன் வருகிறான்.

அதாவது படத்தில் சிதைவும் இருக்கிறது. கட்டுவதற்குக் கொடுத்த அதே அக்கறையோடு கலைவதையும் காட்டியிருக்கிறார்கள். நாம்தான் அதிலிருந்து நடப்பவனை மட்டும் வெட்டி எடுத்தோம். ஒரு படத்திலிருந்து மக்கள் எந்தத் துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோகிறார்கள் என்பதும் விமர்சகன் பார்க்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். ஓயாமல் உழைக்கிற, முகமில்லாத, புகார் சொல்லாத ஒருவன். அவனைப் பார்த்து நமக்குக் கண் கலங்குகிறது. நிஜ லோடுமேனைப் பார்த்து நமக்கு அப்படி எதுவும் ஆவதில்லை.

படத்தின் பெரிய பொய் அதன் அமைதியில் இருக்கிறது. செல்லுக்குள் அவ்வளவு காலி இடம் கிடையாது. புரதங்கள் திருவண்ணாமலை தீபத்துக்குக் கிளம்பும் பஸ்ஸில் போல நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், எல்லாம் வெப்பத்தால் ஓயாமல் உதறிக்கொண்டிருக்கும். கைனசின் காலைத் தூக்கி, யோசித்து, முன்னால் வைப்பதில்லை. பின்கால் குழலிலிருந்து விடுபடுகிறது. விடுபட்ட கால் நாலாபக்கமும் அலைக்கழிக்கப்படுகிறது. முன்காலில் நடக்கும் ஒரு சிறு வளைவு அந்த அலைச்சலை முன்பக்கமாகச் சாய்த்துவிடுகிறது, அவ்வளவுதான். அடுத்த பிடி கிடைத்ததும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு எட்டு வைத்தால் எட்டு நானோமீட்டர் (தமிழில் இதைச் சொல்லும் சுகமே தனி), செலவு ஒரு ஏடிபி. படத்தைச் செய்தவர்களே பின்னாளில் இந்த நெரிசலைக் காட்டும் இன்னொரு அனிமேஷனைச் செய்தார்கள். அது முதல் படத்தைப் போல ஊரெல்லாம் சுற்றவில்லை. கூட்ட நெரிசலில் சிக்கியவனைப் பார்த்து யாருக்கும் சந்தோஷம் என்று எழுதத் தோன்றாது.

மாமாவின் கேள்விக்குக் கைனசின் மட்டத்தில் ஒரு நேரான பதில் உண்டு. 1985இல் ரொனால்டு வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் கணவாய் மீனின் தடித்த நரம்பிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த அளவீடுகளின்படி, தனியாக நடக்கும் ஒரு கைனசின் சராசரியாக ஒரு மைக்ரோமீட்டர் தூரம் போனதும் குழலை விட்டு விழுந்துவிடும். சுமார் நூறு எட்டு, இரண்டு விநாடிகூட ஆகாது. விழுந்தவன் மறுபடி எங்காவது ஒட்டிக்கொள்வான், அல்லது அதே சுமையைப் பிடித்திருக்கும் வேறொருவன் தொடர்வான். ஓயாமல் நடப்பவன் என்று நாம் கொண்டாடியவன், நூறு எட்டுக்கு ஒருமுறை கைவிடுகிறவன்.

*

எலும்புக்கூடு என்ற சொல் நம்மைத் திசைதிருப்புகிறது. எலும்பு என்றால் செத்த பிறகும் மிச்சமிருப்பது. செல்லின் சட்டகமோ அதன் வேலையை நிறுத்தினால் நிமிடக் கணக்கில் கலைந்துபோகும். நுண்குழல் 25 நானோமீட்டர் பருமனுள்ள, உள்ளே பொள்ளலான குழாய். மூங்கில்துறைப்பட்டில் பிறந்தவனுக்கு மூங்கில்தான் ஞாபகம் வரும். ஆனால் இது வெட்டி நட்ட மூங்கில் அல்ல. ஒரு முனையில் வளர்ந்துகொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் மடமடவென்று உதிர்ந்து குட்டையாகும், மறுபடி வளரும்.

இந்த உதிர்தலையும் வளர்தலையும் உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததில் நம் ஊர்ச் செடி ஒன்றுக்கும் உறவுண்டு. மழைக்குப் பிறகு வேலியில் ஏறிப் பூக்கும் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கக் கவிகள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன அதே காந்தள். அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று இதைப் பயிரிட்டு, விதையை மருந்துக்காக விற்கிறார்கள். கொல்கிசின் நுண்குழலின் செங்கல்லான டியூபுலினில் ஒட்டிக்கொண்டு, குழல் வளர முடியாமல் செய்துவிடும். 1967இல் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும், செல்லுக்குள் இந்த விஷம் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடித்தான் டியூபுலினையே அடையாளம் கண்டார்கள். கொல்கிசின் சிறு அளவில் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. கிழங்கைத் தின்றவர் கதி எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இதோடு நிறுத்தினால் 'சட்டகம் உடைந்தால் சாவு' என்று எளிதாக முடித்துவிடலாம். ஆனால் யூ மரத்துப் பட்டையிலிருந்து வந்த டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து நேரெதிரானது. அது நுண்குழலைக் கலையவிடாமல் இறுக்கி வைக்கிறது. அப்போதும் பிரியப்போகும் செல் பிரிய முடியாமல் செத்துப்போகிறது. கட்டவிடாவிட்டாலும் சாவு, கலையவிடாவிட்டாலும் சாவு.

செல் நகர்வதும் இப்படித்தான். 1950களில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைத் துண்டுப்படம் இருக்கிறது. ஒரு வெள்ளையணு, சிவப்பணுக்களின் இடுக்கில் புகுந்து புகுந்து ஒரு பாக்டீரியாவைத் துரத்துகிறது. இசை இல்லை, வண்ணம் இல்லை, காலும் இல்லை. நான் பார்த்த துரத்தல் காட்சிகளில் இதற்கு இணையானவை குறைவு. அந்த அணு எப்படி ஓடுகிறது? முன் விளிம்பில் ஆக்டின் இழைகள் வளர்ந்து சவ்வைத் தள்ளுகின்றன. பின்னால் பழைய இழைகள் பிரிந்து, அதே துண்டுகள் முன்னால் வந்து மறுபடி கோக்கப்படுகின்றன. பின்பக்கத்தை மயோசின் இழுத்துக்கொள்கிறது. ஊர்வலத்தில் நடைபாவாடை விரிப்பதைப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரியும். இருப்பது இரண்டு மூன்று துணிதான். கடந்துபோன துணியைப் பின்னாலிருந்து எடுத்து ஓடிவந்து முன்னால் விரிப்பார்கள். பின்னால் எடுக்காமல் முன்னால் விரிக்க முடியாது.

*

இப்போது தசை. பள்ளியில் 'தசைச் சுருக்கம்' என்று படித்தபோது, ஈரத்துணி காய்ந்து சுருங்குவது போல எதுவோ உள்ளே சுருங்குகிறது என்று நினைத்திருந்தேன். எதுவும் சுருங்குவதில்லை. 1954 மே மாதம், நேச்சர் இதழில் ஒரே நாளில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது, மற்றது ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவில்லை. ஆண்ட்ரூ மட்டும் நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் தம்பி, அப்பா ஒருவர், அம்மா வேறு. இரு கட்டுரைகளும் சொன்னது ஒன்றுதான். தசை குறுகும்போது அதன் கருமையான பட்டைகளின் அகலம் மாறவில்லை, வெளிறிய பட்டைகள்தான் ஒடுங்குகின்றன. ஆக, இழைகள் குட்டையாகவில்லை, ஒன்றுக்குள் ஒன்று சறுக்குகின்றன. (அதே 1954இல், அதே நேச்சரில், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் வடிவத்தை எழுதினார்கள். தசையை எலும்போடு கட்டும் நாண் கொலாஜனால் ஆனது. இழுப்பதன் ரகசியமும் கட்டியிருப்பதன் ரகசியமும் ஒரே வருஷத்தில் அவிழ்ந்தன என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.)

தடித்த இழை மயோசின். அதில் நூற்றுக்கணக்கான தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய இழை ஆக்டின். தலை ஆக்டினைப் பிடித்து, ஒரு வெட்டு வெட்டி இழுத்து, விட்டுவிடும். தசை மயோசினின் ஒரு தலை ஒரு சுற்றில் பிடித்திருக்கும் நேரம் மிகக் கொஞ்சம், பெரும்பகுதி நேரம் பிடியில்லாமல்தான் இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். தேர் வடம் பிடிக்கும்போது இழுத்து முடித்தவன் பிடியைத் தளர்த்தி முன்னால் மாற்றவில்லை என்றால், அடுத்தவன் இழுப்பதற்கு அவனே தடை.

நான் தப்பாகப் புரிந்து வைத்திருந்த இன்னொன்று ஏடிபி. அதை எரிபொருள் என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். எரிபொருள் என்றால் இழுப்பதற்கு என்றுதானே நினைப்போம். ஆனால் ஏடிபி மயோசின் தலையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் நடப்பது, தலை ஆக்டினை விடுவது. ஏடிபி வராவிட்டால் பிடித்த பிடி விடாது. மூச்சு நின்று சில மணி நேரத்தில் உடம்பு விறைப்பது இதனால்தான். எங்கள் ஊரில் உயிர் போனதும் பெரியவர்கள் அவசர அவசரமாகக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள், வாய்க்கட்டு கட்டுவார்கள். நேரம் போனால் கைகால் மடங்காது என்று அவர்களுக்குத் தெரியும். தொழில்புத்தியில் எனக்கு இது டெட்லாக் போலத் தெரிந்தது. லாக்கை எடுத்த நிரல் விடாமல் வைத்திருந்தால் மொத்த சர்வரும் உறையும். உவமை பொருந்துகிறது, ஆனால் என் தாத்தாவின் விறைத்த கையைப் பிடித்திருந்த ஞாபகத்துக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மாமாவின் இதயத்துக்கு வருகிறேன். அவருக்கு இருக்கும் நோயின் பெயர் ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி, சுமார் ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்லப்படுவது. பெரும்பாலும் இழுக்கும் இயந்திரத்தின் புரதங்களில் ஏற்படும் பரம்பரை மாற்றத்தால் வருகிறது. இதயத்தில் மயோசின் தலைகளில் ஒரு பெரும் பங்கு எந்த நேரமும் மடங்கிப் படுத்து ஓய்வில் இருக்கும். அவற்றைப் படுக்கவைத்திருக்க உதவும் காவலர்களில் ஒன்று மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி. இந்த ஓய்வு குறைந்தால் அதிகமான தலைகள் வேலைக்கு வந்துவிடும். இதயம் பலமாக இழுக்கும், முழுதாகத் தளராது. தளராத அறையில் ரத்தம் சரியாக நிறையாது. டாக்டர் சொன்னது இதைத்தான். மாமா கூத்து என்று சொன்னதும் இதைத்தான்.

அந்தக் காவலர் புரதத்தின் ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் இந்தியர்களில் சுமார் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது என்று 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸில் வெளியானது. முதல் ஆசிரியர் பெருந்துறை தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். நூற்றுக்கு நான்கு என்றதும் கோடிக் கணக்கு மனதில் ஓடிப் பயம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் 2018இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் சக்திவேல் சடையப்பன் குழு வெளியிட்டது, அந்தப் பயத்தைக் கொஞ்சம் திருத்தியது. 25 எழுத்து இல்லாதவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது, இதயம் அளவுக்கு மீறி இழுக்கும் அடையாளம் தெரிவது அவர்களிடம்தான். எங்கள் துறையில் 'பக்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். நூற்றுக்கு நான்கு பேர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து, பெரும்பாலோர் பேரன் பேத்தி எடுத்த ஒன்றை அப்படிச் சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. மாமாவுக்கு ஜீன் சோதனை எதுவும் எடுக்கவில்லை. அதனால் அவருடையதும் இதுவா என்ற கேள்வியை நாங்கள் திறக்கவில்லை.

இந்த நோய்க்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவகாம்டென் என்ற மருந்து செய்வது, மயோசின் தலைகளில் சிலவற்றை வேலைக்கு வராமல் படுக்கவைப்பதுதான். இதயத்துக்கு மருந்து என்றால் அதற்குத் தெம்பு கொடுப்பது என்று நினைத்த எனக்கு, இதை முதலில் நம்பவே முடியவில்லை.

ஆக, அந்த அனிமேஷனோடு என் சண்டை இதுதான். அது அழகாக இல்லை என்பதல்ல. அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு கெட்ட ஆசைக்கு அறிவியலின் முத்திரை குத்திக் கொடுக்கிறது. நிற்காமல் உழைப்பவனே நல்ல உழைப்பாளி என்ற ஆசை. ஆஃபீஸில் என் டீமில் ஒருவர் அந்த நடப்பவனை ஸ்டிக்கராக லேப்டாப்பில் ஒட்டியிருக்கிறார், ராத்திரி பதினோரு மணிக்கு அவரிடமிருந்து மெயில் வரும். மாமாவும் அப்படித்தான் நம்பினார். "ஒழச்ச ஒடம்புக்கு இது வரலாமா மாப்ள" என்று பலமுறை கேட்டார். உழைப்பால் வந்த நோய் இல்லை மாமா, பிறவியிலேயே வந்தது என்று சொன்னால், அது இன்னும் பெரிய அவமானமாக அவர் முகத்தில் தெரிந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வேறொரு படத்தைக் காட்டினேன். 2010இல் ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் தோஷியோ ஆண்டோ குழு எடுத்தது. இது அனிமேஷன் இல்லை. அதிவேக அணுவிசை நுண்ணோக்கி என்ற கருவியின் ஊசிமுனையால் தடவித் தடவி எடுத்த உண்மைப் பதிவு. மயோசின் ஐந்து என்ற வகை, ஆக்டின் இழைமேல் நடக்கிறது. தசை மயோசினின் பங்காளி, சுமை தூக்கும் வகை. தெரிவது மங்கலான மஞ்சள் பிசிறு, அவ்வளவுதான். பத்து விநாடியில் என் அத்தை மகன் எழுந்து போய்விட்டான். மாமா மட்டும் போனைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் அரவை நடந்துகொண்டிருந்தது, அந்த வாசனை திண்ணை வரை வந்தது.

"இரு, இரு. பின்னால போ," என்றார். போனேன். "இதோ பாரு. முன்னங்கால வெச்சவன் எடுத்துட்டு மறுபடி அங்கயே வெக்கிறான்."

அது உண்மை. முன்கால் விடுபட்டு அதே இடத்தில் மறுபடி ஒட்டுவதை அந்தக் குழுவே கவனித்துக் குறித்திருக்கிறது. நான் கட்டுரையில் படித்திருந்தேன், படத்தில் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

"எதுக்கு மாமா?"

"பலக வழுக்குதான்னு பாக்கறான். காலையில பனி எறங்கியிருக்கும் பாரு, அப்ப நாங்களும் அப்படித்தான் வெச்சு வெச்சுப் பாப்போம்."

ஆண்டோ இதை ஒத்துக்கொள்ள மாட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமா இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். படத்தின் ஒரு இடத்தில் அந்தப் பிசிறு இழையை விட்டு விலகிக் காணாமல் போனது.

"எறக்கிட்டான்," என்றார் மாமா. போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாத்திரை போட எழுந்தார்.